டொரண்டோவுக்கு 13 மணித்தியாலமா, இருபத்திரண்டரையா?

டிக்கோயா தம்பி:
அக்காவின் பிரசவத்துக்கு ஜூலையில் அம்மா டொரண்டோ போகிறார். தனியாக, முதல் தடவை. டிக்கட்டில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இரவு 8.30, டுபாயில் மாறி, மறுநாள் காலை 9.30க்கு டொரண்டோ என்று இருக்கிறது. விரல்விட்டு எண்ணினால் 13 மணித்தியாலம். ஆனால் தூரம் 14,000 கிலோமீட்டர் என்று வருகிறதே, மணிக்கு 900 வேகத்தில் போனாலும் 15க்கு மேல் ஆகுமே. டிக்கட் போட்டுத் தந்தவர் இருபத்திரண்டரை என்கிறார். அம்மாவுக்குச் சீனி வருத்தம், மாத்திரைக்கு எந்தக் கணக்கை வைப்பது?

பண்டாரவளைக்காரன்:
தம்பி, டிக்கட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். ஜூலையில் டொரண்டோ நம் இலங்கை நேரத்துக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். அதை 13ஓடு கூட்டுங்கள், இருபத்திரண்டரை வந்துவிடும். டுபாய்க்கு நாலரை, அங்கே காத்திருக்க நாலு, அப்புறம் டொரண்டோவுக்குப் பதினாலு.

நீங்கள் பார்த்த 14,000 என்பது பூமி உருண்டையில் நூல் பிடித்து அளந்த தூரம். அந்த நூல் ஆர்க்டிக் கடலைத் தொட்டு கிரீன்லாந்துக்கு மேலாகப் போகும், ஆனால் அப்படி நேரடி விமானம் கிடையாது. டுபாய் வழி 3,300ம் 11,100ம், ஆக 14,400. வெறும் 400 தான் கூட, பெரிய சுற்று இல்லை. திரும்பும்போது மேல்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் டொரண்டோ–டுபாய் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குறையும்.

தலவாக்கலை அக்கா:
ஆகாயக் கணக்கு சரி, தரைக் கணக்கையும் போடுங்கள். டிக்கோயாவிலிருந்து கட்டுநாயக்க 130 கிலோமீட்டர் சொச்சம், அதற்கே நாலரை மணித்தியாலம், டுபாய் போகிற நேரம். அதுவும் ஜூலை மழையில். எங்கள் அம்மாவைக் கூட்டிப்போன அன்று கினிகத்தேனைக்குக் கீழே மண் சரிந்து இரண்டு மணித்தியாலம் வேனுக்குள்ளேயே இருந்தோம். அம்மா கடவுச்சீட்டைச் சேலை முந்தானையில் சுற்றி இறுக்கிப் பிடித்தபடி, நேரம் என்ன, நேரம் என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மாலை 5.30க்கு உள்ளே போக வேண்டும் என்றால் காலை 9 மணிக்கே வேன் கிளம்பட்டும்.

மாத்திரைகள் கைப்பையில், மருந்துச் சீட்டோடு இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் போட்டால் டொரண்டோவில் தான் கைக்கு வரும். கிளினிக் டொக்டரிடம் இந்த இருபத்திரண்டரையைச் சொல்லி நேரம் எழுதி வாங்குங்கள். அம்மாவின் கைக்கடிகாரத்தை அங்கே போய்ச் சேரும்வரை நம் நேரத்திலேயே விடுங்கள், எங்கள் அம்மாவுக்கு அதுதான் உதவியது. சக்கர நாற்காலி இப்போதே கேட்டு வைத்தால் டுபாயில் அடுத்த வாசல்வரை ஆள் கூட்டிப்போகும்.

டிக்கோயா தம்பி:
நன்றி அண்ணன், நன்றி அக்கா. சக்கர நாற்காலி இருப்பதே எனக்குத் தெரியாது. டுபாயில் அந்த நாலு மணித்தியாலம் அம்மா வழி தேடி அலைவாரோ என்று தான் தூக்கமே வரவில்லை. நாளைக்கே கேட்கிறேன். திரும்பும் டிக்கட் நவம்பர் 20, அப்போதும் ஒன்பதரை தானா?

பண்டாரவளைக்காரன்:
இல்லை தம்பி, நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னே தள்ளுவார்கள். பத்தரை என்று போடுங்கள்.