சட்டம், சமரசம், உளப்பகுப்பாய்வு, நிறுவன நடத்தை: வேலூர்ப் பக்கம் நான்கையும் சேர்த்து ஒரு தொழில் நடத்த முடியுமா?

ஆம்பூர் எச்.ஆர்.
வணக்கம். எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு ஆம்பூரில் காலணி ஏற்றுமதி ஆலையில் எச்.ஆர். வேலை பார்க்கிறேன். வயது 31. சட்டம் படித்து, சமரசப் பயிற்சி எடுத்து, உளப்பகுப்பாய்வும் (சைக்கோஅனாலிசிஸ்) கற்று, தொழிற்சாலைகளுக்கும் குடும்பத் தொழில்களுக்கும் தகராறு தீர்ப்பவராக வர ஆசை. எதில் தொடங்குவது? இந்த வட்டாரத்தில் இதற்கு வருமானம் உண்டா?

சத்துவாச்சாரி வக்கீல்
சட்டத்தில் தொடங்குங்கள் மேடம். மற்ற மூன்றும் அதன்மேல் நிற்கும்.

மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு பட்டப்படிப்பில் பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம் வேண்டும். வேலூர் அரசு சட்டக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அது பகல் வகுப்பு, வருகைப்பதிவும் கட்டாயம். ஆலை வேலையை வைத்துக்கொண்டே படிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முடித்ததும் பார் கவுன்சில் பதிவு, பிறகு அகில இந்திய பார் தேர்வு. பதிவு செய்தவர் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது என்பது பார் கவுன்சிலின் 49ஆம் விதி. எச்.ஆர். சம்பளமும் கறுப்புக் கோட்டும் ஒன்றாக நடக்காது. அந்த மூன்று வருடத்துக்கு வீட்டுச் செலவை இப்போதே கணக்குப் போடுங்கள்.

சமரசத்துக்குத் தனிப் பட்டம் தேவையில்லை. நீதிமன்றச் சமரசத்துக்கு 40 மணி நேரப் பயிற்சி. அதற்குப் பிறகு உண்மையான வழக்குகளில் அனுபவம். நாட்டில் நீதிமன்றத்தோடு இணைந்த முதல் சமரச மையமே நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005இல் வந்ததுதான். ஆனால் நீதிமன்றப் பட்டியலில் பெயர் வர வக்கீலாகப் பல வருட அனுபவம் கேட்பார்கள். அதுவரை உங்கள் களம் வெளியில்தான்.

2023 சமரசச் சட்டத்தை முழுதாகப் படியுங்கள். அந்த அக்டோபரில் சில பிரிவுகள் மட்டும்தான் நடைமுறைக்கு வந்தன. எந்தப் பிரிவையும் காட்டி வாக்குக் கொடுக்கும் முன் அது அமலில் இருக்கிறதா என்று அறிவிக்கையைப் பாருங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்.

பாகாயம் வாசி
உளப்பகுப்பாய்வு பற்றி மட்டும் சொல்கிறேன், குழப்பம் அதிகம் இருப்பது அதில்தான்.

முழுப் பயிற்சி என்றால் மூன்று பகுதி: நீங்களே பகுப்பாய்வுக்கு உட்படுவது, மூத்தவர் மேற்பார்வையில் ஆட்களைப் பார்ப்பது, பாட வகுப்புகள். இதில் முதலாவதற்கே வாரத்துக்குப் பல அமர்வுகள், பல வருடங்கள். கிரீந்திரசேகர் போஸ் 1922இல் தொடங்கிய இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் கல்கத்தாவில் இருக்கிறது. வேலூரில் உட்கார்ந்தபடி வாரக்கடைசியில் கற்றுவிடுகிற விஷயம் அல்ல இது. மருத்துவ உளவியலாளர் என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு வேண்டும். சட்டப் பட்டமோ சான்றிதழ் வகுப்போ அதற்கு ஈடாகாது.

ஆனால் உங்களுக்கு முழுப் பயிற்சி தேவையில்லை என்பது என் கருத்து. தேவை கேட்கும் பழக்கம். முதலாளியிடம் பேசும்போது தொழிலாளிக்குத் தன் அப்பாவிடம் இருந்த பயம் எழுகிறது; உங்களிடம் பேசும் கூட்டாளி தன் அண்ணனிடம் காட்டும் கோபத்தை உங்கள்மேல் காட்டுகிறார். இதை டிரான்ஸ்ஃபரன்ஸ் என்கிறார்கள். அது உங்களுக்குள் கிளப்பும் எரிச்சலும், ஒருவர்மேல் வரும் பரிவும் கவுன்ட்டர் டிரான்ஸ்ஃபரன்ஸ். சமரசம் செய்பவர் ஒரு பக்கம் சாயத் தொடங்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவதால். ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் நடந்ததைப் பேச ஒரு மேற்பார்வையாளர் இருந்தால் இது பிடிபடும். தரப்பினரின் பெயரையும் ஆலையையும் மறைத்துத்தான் பேச வேண்டும்.

பார்த்ததை அந்த அறையில் வாய்விட்டுச் சொல்லாதீர்கள். "நீங்கள் உங்கள் அப்பாவோடு சண்டை போடுகிறீர்கள்" என்று சொன்ன நிமிடம் சமரசம் முடிந்தது. அவர்கள் பணம் பிரிக்க வந்தவர்கள், சிகிச்சைக்கு வந்தவர்கள் அல்லர்.

நிறுவன நடத்தைக்கு, அதாவது வேலையிடத்தில் ஆட்களும் குழுக்களும் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதற்கு, இரண்டு பேரைப் படியுங்கள். லண்டன் டாவிஸ்டாக் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ் 1953இல் அகமதாபாத் காலிகோ ஆலையில் தறி வேலையைச் சிறு குழுக்களாக மாற்றி அமைத்தார். நம் நாட்டுத் தொழிற்கூடத்தில் நடந்த வேலை அது. இசபெல் மென்சிஸ் லண்டன் மருத்துவமனையில் செவிலியர் வேலை ஏன் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது என்று பார்த்தார். நோயாளியோடு நெருங்குவதில் உள்ள பதற்றத்திலிருந்து தப்பிக்கத்தான் என்பது அவர் கண்டது. உங்கள் ஆலையில் யாருக்கும் அர்த்தம் தெரியாத விதிகள் இருந்தால் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

பாலாற்றங்கரை
வருமானம் எங்கே என்று கேட்டீர்கள். முதல் கதவு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013. பத்துப் பேரோ அதற்குமேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம், அதில் வெளி உறுப்பினர் ஒருவர் கட்டாயம். பெண்கள் நிறைந்த காலணி ஆலைகள் இத்தனை உள்ள ஊரில் சட்டமும் தெரிந்து ஆளையும் படிக்கத் தெரிந்தவர் கிடைப்பது அரிது. ஆனால் இதைச் சமரச வேலையாக நினைக்காதீர்கள். புகார் கொடுத்த பெண்ணே கேட்டால்தான் 10ஆம் பிரிவில் சமாதானம். அதுவும் பணத்தை அடிப்படையாக வைத்து அல்ல. விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். "பேசி முடிச்சிடலாம்மா" என்று மேனேஜர் சொல்லும் இடத்தில் நீங்கள் அசையக் கூடாது.

இரண்டாவது, பாக்கி வசூல். தோல், கெமிக்கல், சோல் சப்ளையில் 3 லட்சம் ரூபாயோ அதற்குமேலோ வணிகத் தகராறு என்றால், அவசர இடைக்கால உத்தரவு கேட்காதவரை, வழக்குக்கு முன் வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவுச் சமரசம் கட்டாயம். 2022இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்துவிட்டது. விண்ணப்பம் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில். எதிர்த்தரப்பு நோட்டீஸுக்கு வராவிட்டால் சமரசம் தொடங்கவே இல்லை என்று நான்-ஸ்டார்ட்டர் அறிக்கை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எதிராளியை அறைக்கு வரவைப்பதே பாதி வேலை. நோட்டீஸ் போவதற்கு முன்பே அவருடைய ஆடிட்டரிடமோ ஏஜென்டிடமோ தகவல் போனால் வருவார்.

மூன்றாவது, குடும்பக் கூட்டுத் தொழில். இதில்தான் நீங்கள் சொல்லும் நான்கும் ஒன்றாக வேலை செய்யும். முதல் நாளே கேட்க வேண்டியது: "யார் சரி என்று சொன்னால் இது முடியும்?" தம்பிகள் மூன்று அமர்வு பேசிவிட்டு, "பெரியவரைக் கேட்டுச் சொல்றோம்" என்று எழுந்துபோவது சாதாரணம். பெரியவரை முதலிலேயே உட்காரவையுங்கள். ஆம்பூர், வாணியம்பாடியில் வெள்ளிக்கிழமை நண்பகலில் அமர்வு வைக்காதீர்கள். வீட்டில் உருது, கணக்கில் ஆங்கிலம், தெருவில் தமிழ் என்று இருக்கும். எல்லோரும் படிக்கக்கூடிய மொழியில் ஒப்பந்தம் எழுதி, கையெழுத்துக்கு முன் சத்தமாக வாசியுங்கள். கூட்டாண்மை பதிவானதா என்று பாருங்கள்: பதியாத நிறுவனத்தின் கூட்டாளி ஒப்பந்த உரிமைக்காக மற்றவர்மேல் வழக்குப் போட முடியாதபடி 1932 சட்டத்தின் 69ஆம் பிரிவு தடுக்கிறது. கலைப்புக்கும் கணக்குக்கும் போடலாம். பேரத்தில் யார் கை ஓங்கும் என்பது இதனால் மாறும்.

ஆம்பூர் எச்.ஆர்.
நன்றி. பழகுவதற்கு எங்கள் ஆலைத் தகராறையே இப்போது நான் நடத்திப் பார்க்கலாமா?

சத்துவாச்சாரி வக்கீல்
வேண்டாம். சம்பளம் தருபவர் ஒரு தரப்பு. தொழிலாளி உங்களை நடுவர் என்று நம்பமாட்டார், நம்பவும் கூடாது. பின்னாலும் இதே கட்டுப்பாடுதான்: ஒரு தகராறில் சமரசம் செய்தால் அதே தகராறில் யாருக்கும் வக்கீலாக நிற்காதீர்கள், யாருக்கும் ஆலோசனை அமர்வும் தராதீர்கள். தனி அறையில் கேட்டது மறுநாள் குறுக்கு விசாரணையில் வந்துவிடும் என்ற சந்தேகம் ஒருமுறை எழுந்தால் இந்த ஊரில் யாரும் உங்களிடம் வாய் திறக்கமாட்டார்கள்.

இப்போது செய்யக்கூடியது: ஆலையின் குறை தீர்ப்புப் பதிவேட்டை எடுத்து, ஒரே புகார் எந்த லைனில், எந்த சூப்பர்வைசரிடம், எந்த மாதத்தில் திரும்பத் திரும்ப வருகிறது என்று பெயர் இல்லாமல் எழுதி வையுங்கள். ஆர்டர் நெருக்கடி மாதங்களோடு ஒப்பிடுங்கள். கூடவே 2020 தொழிலுறவுச் சட்டத்தொகுப்பைப் படியுங்கள். சங்கக்காரர்கள் இன்னும் பழைய 1947 தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3), 18(1) ஒப்பந்தம் என்றுதான் பேசுவார்கள். அந்தச் சட்டத்தில் முதலாவது, சமரச அதிகாரி முன் போட்டது, எல்லாத் தொழிலாளரையும் கட்டும். இரண்டாவது கையெழுத்திட்டவர்களை மட்டும். அந்த வித்தியாசம் தெரியாமல் சங்கத்தோடு பேச உட்காராதீர்கள்.