மூன்று மாத விடுமுறை, பயிற்சி இடம்தான் கிடைக்கவில்லை

பேராதனைப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் பொருளியல் சிறப்புக் கற்கை, மூன்றாம் ஆண்டு. வீடு ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். வரும் விடுமுறை மூன்று மாதம். அதற்குள் தொழிற்பயிற்சி ஒன்று செய்யாவிட்டால் வெறும் பட்டத்தோடுதான் வெளியே வருவேன்.

பெப்ரவரியிலிருந்து 19 இடங்களுக்குச் சுயவிவரம் அனுப்பினேன். 17 இடங்களிலிருந்து பதிலே இல்லை. ஒன்று கொழும்பில், சம்பளமில்லாமல். அறை வாடகையே அம்மா கொழுந்து பறித்துச் சம்பாதிக்கும் காசை விழுங்கிவிடும். மற்றொன்று தொலைபேசி நேர்காணல். சிக்னலுக்காகக் கொழுந்து நிறுக்கும் மடுவம் வரை ஏறிப்போய் நின்றேன். தகரக் கூரையில் மழை கொட்டியது. இரண்டாவது கேள்வியிலேயே இணைப்பு அறுந்தது. திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை.

வளாகத்தின் தொழில் வழிகாட்டல் பிரிவில் சுயவிவரத்தைத் திருத்திக்கொண்டேன். எக்செல் நன்றாக வரும். சிங்களம் தடையில்லை. ஆங்கிலம் எழுதுவேன், பேசும்போதுதான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. "வங்கியில் ஆள் தெரிந்தால் போதும்" என்கிறார் மாமா. அந்த ஆள்தான் நமக்கு இல்லையே.

அண்ணாமாரே, அக்காமாரே, கண்டி, ஹட்டன், நுவரெலியா பக்கம் அல்லது வீட்டிலிருந்தபடியே மூன்று மாதப் பயிற்சிக்கு நீங்கள் யாரை, எப்படி அணுகினீர்கள்?