மறு: ரெகுலேட்டர் ‘ஃப்ரீ ஃப்ளோ’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். நீருக்கடியில் இறங்குவோருக்கான நம் கலைச்சொல் பட்டியலைப் பற்றியது இது. ரெகுலேட்டர் என்பது சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் கருவி. அது நிற்காமல் காற்றைக் கொட்டுவதைத்தான் ‘ஃப்ரீ ஃப்ளோ’ என்கிறார்கள். அதற்கு வந்த இரண்டு பரிந்துரைகளுக்கு என் பதில் கீழே.

> ‘கட்டற்ற பாய்ச்சல்’ என்று வைத்துவிடலாம். கட்டற்ற மென்பொருள் ஏற்கெனவே எல்லோருக்கும் பழகிய சொல்தானே.

ஐயா, பழகிய சொல் என்பதுதான் எனக்கு இடிக்கிறது. கட்டற்ற மென்பொருள் நாம் விரும்பி வரவேற்பது. ஏரிக்குள் 25 மீட்டர் ஆழத்தில் ரெகுலேட்டர் தன்பாட்டில் காற்றைக் கொட்டுவது உயிருக்கு ஆபத்தானது. ‘தடையிலாப் பாய்வு’ என்றாலும் இதே சிக்கல்தான். தடையில்லா மின்சாரம் போல நல்ல சேதியாகக் காதில் விழுகிறது.

> குளிரில் உறைவதால்தானே வருகிறது? ‘உறைவடைப்பு’ பொருந்தும்.

அக்கா, இதை மட்டும் ஏற்றுக்கொள்ளவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நடப்பது இதற்கு நேர்மாறானது.

சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்றை ரெகுலேட்டரின் முதற்படி, சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிடச் சுமார் 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி இறக்குகிறது. அப்படிச் சட்டென்று விரியும் காற்று கடுமையாகக் குளிர்ந்து, உலோகத்தையும் பூச்சியத்துக்குக் கீழே கொண்டுபோய்விடும். சூரிச் ஏரி 1963க்குப் பிறகு முழுதாக உறைந்ததே இல்லை. சனவரியிலும் அடியில் 4, 5 பாகை இருக்கும். ஏரியே உறையாதபோது கருவி எப்படி உறைகிறது என்று பலர் கேட்கிறார்கள். உறைய வைக்கும் குளிர் கருவிக்குள்ளேயே பிறக்கிறது. கோடையில் சுற்றியுள்ள நீர் உலோகத்தைச் சூடேற்றிக் காப்பாற்றிவிடும். 4 பாகை நீரால் அது முடிவதில்லை.

ஸ்பிரிங்கைச் சுற்றியுள்ள நீர் பனிக்கட்டியானால் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொள்ளும். உள்ளே அழுத்தம் ஏறி, வாயில் இருக்கும் இரண்டாம் படியைத் தள்ளித் திறக்கும். காற்று கொட்டக் கொட்டக் குளிர் கூடும், பனி இன்னும் இறுகும். சில நிமிடங்களில் சிலிண்டர் காலியாகலாம். ஆனால் அதுவரை காற்று வந்துகொண்டுதான் இருக்கும். ‘அடைப்பு’ என்று படித்துவிட்டு வரும் புதியவர், மூச்சே கிடைக்காது என்று பதறி மேலே பாய்வார். மூச்சை அடக்கிக்கொண்டு அப்படிப் பாய்ந்தால் நுரையீரல் கிழியக்கூடும். வாய்ப்பகுதியை இறுகக் கவ்வாமல், உதட்டைத் தளர்த்தி, கொட்டும் காற்றில் வேண்டியதை மட்டும் இழுத்து மூச்சுவிடலாம். பயிற்சியில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

போன குளிர்காலத்தில் எனக்கே இது நடந்தது. குளிரில் பாசி அடங்கிவிடுவதால் ஏரி தெளிந்திருக்கும். இந்த விறைப்பிலும் நாங்கள் இறங்குவது அதற்காகத்தான். முதலில் உஸ்ஸென்று ஒரு சத்தம். அப்புறம் காதருகே ஒரே இரைச்சல். முகமூடிக்கு முன்னால் வெள்ளைக் குமிழிகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. இங்கே தனித்தனி வால்வில் இரண்டு ரெகுலேட்டர்களோடுதான் இறங்குவோம். நான் மற்றதை வாயில் வைத்துக்கொண்டேன். கூட்டாளி முதுகுப்பக்கம் வந்து, கொட்டிய வால்வைத் திருகி மூடினார். கரையேறியதும் என் வாயில் வந்தது, “காத்து பீறிட்டுட்டுது” என்பதுதான். அவரும் அப்படியேதான் சொன்னார்.

ஆகவே என் பரிந்துரை ‘பீறிடல்’. வினையாகவும் ஓடுகிறது: பீறிட்டது, பீறிடுகிறது, பீறிடாமல் பார். ‘கட்டற்ற பாய்ச்சல் ஏற்பட்டது’ என்று பதற்றத்தில் யாரும் பேச மாட்டார்கள். வாய்ப்பகுதியை மேல்நோக்கி நீரில் போட்டாலோ மணல் புகுந்தாலோ வெப்பநீரிலும் இது நடக்கும் என்பதால், பொதுச்சொல் ‘பீறிடல்’ என்றும், உறைவதால் வருவது ‘குளிர்ப்பீறிடல்’ என்றும் இருக்கட்டும். ‘உறைபீறல்’ என்று சுருக்கிப் பார்த்தேன்; உறை கிழிந்தது என்றும் படிக்கலாம், உடை கிழிவதும் எங்கள் தொழிலில் உண்டு என்பதால் விட்டுவிட்டேன்.

இன்னொன்று. பட்டியலின் தலைப்பில் ‘ஆழ்கடல் நீச்சல்’ என்று இருக்கிறது. ஏரியில் கடல் எங்கே? நாங்கள் செய்வது நீச்சலும் அல்ல. இலங்கைச் செய்திகளில் நாள்தோறும் ‘சுழியோடி’ என்றுதான் எழுதுகிறார்கள். கடல், குளம், கிணறு எல்லாவற்றுக்கும் அது செல்லும். தமிழ்நாட்டு நண்பர்கள் ‘முக்குளிப்பு’ வேண்டும் என்றால் இரண்டையும் அருகருகே போடலாம், எனக்கு மறுப்பில்லை. ‘ஆழ்கடல் நீச்சல்’ மட்டும் போகட்டும்.

பட்டியலில் சேர்ப்பதற்கான என் வரைவு கீழே. வெப்பநிலை எல்லையை, இத்தகைய மூச்சுக்கருவிகளுக்கான ஐரோப்பியத் தரமான இ.என் 250இல் இருந்து எடுத்திருக்கிறேன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

குளிர்ப்பீறிடல் (பெயர்): 10 பாகைக்குக் குறைந்த நீரில், ரெகுலேட்டரின் வால்வு பனியால் மூட இயலாமல் போய், காற்று இடைவிடாது வெளியேறுதல். மூச்சுவிட முடியும், சுழியோட்டத்தை உடனே முடிக்க வேண்டும்.

அன்புடன்,
சூரிச்சிலிருந்து