லாக்டோகாக்கஸில் புரதம் வரவே மாட்டேங்குது

வணக்கம். கோவையில் ஆய்வு மாணவன். வாய்வழித் தடுப்பு மருந்துக்காக ரோட்டா வைரஸின் விபி8 புரதத்தை லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற பாக்டீரியாவின் என்இசட்9000 வகையில் எடுக்கப் பார்க்கிறேன். ஜீனை உள்ளே கொண்டுபோகும் பிளாஸ்மிட் (வட்ட டிஎன்ஏ) பிஎன்இசட்8148. 4 மாதமாச்சு, வெஸ்டர்ன் பிளாட்டில் (ஆன்டிபாடி வைத்துப் புரதத்தைக் கண்டறியும் சோதனை) பட்டையே இல்லை.

சீக்வென்ஸ் பார்த்தாச்சு, சரிதான். ஜிஎம்17 ஊடகம், 30 டிகிரி, குளோராம்பெனிகால் மில்லிக்கு 10 மைக்ரோகிராம். ஓடி (செல் வளர்ச்சியைக் காட்டும் கலங்கல் அளவு) 0.4 வந்ததும், ஜீனை இயக்கிவிடும் நிசினை மில்லிக்கு 1, 5, 10 நானோகிராம் என்று மாற்றி மாற்றிப் போட்டு 3 மணி நேரம் விட்டேன். நிசினைப் புதிதாகவும் கரைத்தேன். செல்சுவர் தடிப்பு என்பதால் செல்லை உடைக்க லைசோசைம், பிறகு சோனிகேட்டர். ஆன்டிபாடி மேல் பழி போட முடியாது, ஈ.கோலை பாக்டீரியாவில் எடுத்த அதே புரதம் பளிச்சென்று தெரிகிறது.

ஒரே உறுத்தல், ஜீன் ஈ.கோலைக்காகக் கோடான் (ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துக் குறியீடு) மாற்றியது. புதுசு வாங்கக் காசு கேட்டால் கைடு முறைக்கிறார்.

கோடானை மாற்றுவதா, புரதத்தைச் செல்லுக்கு வெளியே அனுப்பும் யுஎஸ்பி45 சிக்னல் சேர்த்துச் சுரக்க வைப்பதா, எதை முதலில் செய்யலாம்?