தமிழ்வழி, மலையாளவழிப் பிள்ளைகள்: நினைவாற்றல் சோதனையை எப்படி அமைப்பது?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

வணக்கம். கேரளத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மாலையில் டியூஷன் எடுக்கிறேன். அஞ்சல் வழியில் உளவியல் முதுகலை, இறுதியாண்டு. ஆய்வேடு கொடுத்தாக வேண்டும்.

என்னிடம் வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் வீட்டில் தமிழ்தான். பாதிப் பேர் தமிழ்வழிப் பள்ளி, மீதிப் பேர் மலையாளவழி. சொன்னதைத் திருப்பிச் சொல்வதில் தமிழ்வழிப் பிள்ளைகள் ஒரு படி மேலே நிற்பதாக எனக்குப் படுகிறது. அதையே கருதுகோளாக வைத்திருக்கிறேன்: தாய்மொழி வழியில் படிப்பவர்களுக்கு நினைவாற்றல் அதிகம். இரு பக்கமும் ஏழாம் வகுப்பில் 30 பேர் வீதம் எடுத்து, 20 சொற்கள் கொண்ட பட்டியலைப் படிக்கக் கொடுத்து, ஐந்து நிமிடம் கழித்து எழுதச் சொல்லப்போகிறேன். பிறகு சராசரிகளின் வேறுபாடு தற்செயலானதா என்று டி-சோதனை என்னும் புள்ளியியல் முறையில் ஒப்பிடுவேன். சாரா மாறி பயிற்றுமொழி; சார்ந்த மாறி, சரியாக எழுதிய சொற்களின் எண்ணிக்கை.

வழிகாட்டி தலையாட்டிவிட்டார். ஆனாலும் இதைச் சோதனை என்று சொல்லிக்கொள்ளலாமா என்று மனதில் ஓர் உறுத்தல். பெரியவர்கள் சொல்லுங்கள்.

வேலந்தாவளத்தான்:

நல்ல தலைப்பு டீச்சர். 30 பேர் போதாது, 100 ஆக்கிவிடுங்கள். குடும்ப வருமானம், பெற்றோர் படிப்பு இரண்டையும் ஒரு படிவத்தில் வாங்கி வைத்துக்கொண்டால் வாய்மொழித் தேர்வில் யாரும் அசைக்க முடியாது.

பழைய ஆய்வகத்தான்:

டீச்சர், உறுத்தலை நம்புங்கள். நீங்கள் எழுதியிருப்பது ஒப்பீடு, சோதனை அன்று. வேலந்தாவளத்துத் தம்பி சொல்கிறபடி ஆள் கூட்டினால் தப்பான விடை இன்னும் திடமாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

சாரா மாறி என்றால் ஆய்வாளர் தன் கையால் மாற்றுவது. எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கு என்று நீங்களா சீட்டுக் குலுக்கினீர்கள்? ஒரு வீட்டில் அப்பாவுக்குக் கோவையில் வேலை, பெண்ணை அங்கேயே கல்லூரியில் சேர்க்கலாம் என்று தமிழ்வழி. அடுத்த வீட்டில் பி.எஸ்.சி. என்னும் அரசுப் பணித் தேர்வை எழுதிக் கேரள அரசு வேலைக்குப் போக வேண்டும் என்ற கனவு, அதனால் மலையாளவழி. பள்ளி நடக்கும் தூரமா, அண்ணன் எங்கே படித்தான், கதை சொல்லப் பாட்டி வீட்டில் இருக்கிறாரா, எல்லாமே பிள்ளையோடு சேர்ந்து வகுப்புக்குள் நுழைகிறது. படிவத்தில் வாங்கலாம்தான். கேட்கத் தோன்றாததை எந்தப் படிவத்தில் வாங்குவீர்கள்?

வாய்க்கால் ஓரத் தோப்புக்கு ஓர் உரம், மேட்டுத் தோப்புக்கு வேறோர் உரம் வைத்துவிட்டுக் காயை எண்ணி உரத்தை மெச்சினால் சித்தூர்த் தோப்புக்காரர் யாரும் சிரிப்பார். புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1919இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த பிறகு மல்லுக்கட்டியதும் இதே சிக்கலோடுதான். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைச் சீட்டு முடிவு செய்யட்டும் என்றார். நம் துறையின் சமவாய்ப்பு ஒதுக்கீடு அந்த வயலில் முளைத்தது.

பள்ளியை உங்களால் மாற்ற முடியாது. பாடத்தை மாற்றலாமே? ஒரே பிள்ளைக்கு ஒரு கதையைத் தமிழில் சொல்லுங்கள், இன்னொரு கதையை மலையாளத்தில். கேள்வியையும் இரு மொழியிலும் கேளுங்கள். தமிழ்க் கதைக்குத் தமிழில் கேள்வி, தமிழ்க் கதைக்கு மலையாளத்தில் கேள்வி, மலையாளம்–தமிழ், மலையாளம்–மலையாளம் என நான்கு கட்டங்கள். நான்கு கதைகள் வேண்டும்.

இந்த அமைப்பு புதிதல்ல. 1975இல் காடன், பேட்லி என்ற உளவியலாளர்கள் இருவரும் முக்குளிப்போரை வைத்துச் செய்தார்கள்: கரையில் கேட்ட சொற்களும் நீருக்கடியில் கேட்ட சொற்களும், இரு இடத்திலும் நினைவுகூர்தல். கேட்ட இடமும் நினைவுகூர்ந்த இடமும் ஒன்றானபோது கூடுதல் சொற்கள் வந்தன. 2021இல் அதையே திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள், முடிவுக்கு முன்கூட்டியே மாலை போடாதீர்கள். மொழியை வைத்தே மரியன், ஃபாசி இருவரும் 2006இல் ஸ்பானியமும் ஆங்கிலமும் அறிந்தவர்களிடம் பாடக் கதைகளைச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். உங்களுக்கு அதுவே நெருங்கிய முன்னோடி.

இதன் பலம் இடைவினையில், அதாவது கதையின் மொழியும் கேள்வியின் மொழியும் சேர்ந்து தரும் விளைவில், இருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளை நான்கு கட்டத்திலும் கெட்டிக்காரன்தான். மந்தமானவன் நான்கிலும் மந்தம். அந்த வேறுபாடு தானே கழிந்துவிடும். கதையும் கேள்வியும் ஒரே மொழியில் இருக்கும்போது மட்டும் மதிப்பெண் ஏறினால், தமிழ்ப் பக்கமும் ஏறி மலையாளப் பக்கமும் ஏறினால், வீட்டு வருமானத்தின் மேல் யாராலும் பழி போட முடியாது. ஆனால் ஒன்று: ‘தமிழ்வழிப் பிள்ளைக்கு நினைவாற்றல் அதிகமா’ என்ற உங்கள் பழைய கேள்விக்கு இதில் விடை வராது. அந்தக் கேள்வியை ஓர் ஆய்வேட்டில் தீர்க்கவும் முடியாது.

வரிசையைக் கவனியுங்கள். முதல் கதையில் பதற்றம், நான்காவதில் கொட்டாவி. எல்லோருக்கும் தமிழை முதலில் வைத்தால் நீங்கள் அளப்பது மொழியையா சோர்வையா என்று பிரம்மாவுக்கும் தெரியாது. லத்தீன் சதுரம், அதாவது ஒவ்வொரு கட்டமும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு முறை வரும் அட்டவணை, போட்டு நான்கு வரிசை அமையுங்கள். ஒவ்வொரு கதையும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முறை வர வேண்டும். எந்தப் பிள்ளைக்கு எந்த வரிசை என்பது சீட்டு.

எத்தனை பேர்? நடுத்தர அளவு விளைவை, அதாவது அரைத் திட்டவிலக்கத்தை (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவில் பாதியை), 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க வேண்டுமானால் தனித்தனிக் குழுக்களில் பக்கத்துக்கு 64 பேர் வேண்டும். அதே பிள்ளையை அவனோடே ஒப்பிட்டால் 34 போதும். நான்கால் வகுபட வேண்டும், நடுவில் சிலர் நின்றுவிடுவார்கள், 40 வையுங்கள்.

மூன்றாம் வகுப்பு அக்கா:

பழைய ஆய்வக மாஷ் எழுதியதோடு என் பங்கு. எல்லைப் பக்கத்திலேயே மலையாளவழித் தொடக்கப் பள்ளியில் இருக்கிறேன்.

சொற்பட்டியலை விட்டது நல்லது. மரம், வீடு, கல் இரு மொழியிலும் ஒன்றே; அதில் என்ன மொழி மாற்றம்? கதையிலும் அதே ஆபத்து உண்டு. விடையாக வரும் சொல் நாற்காலி–கசேர, சாவி–தாக்கோல் போல விலகி நிற்கட்டும்.

படிக்கக் கொடுக்காதீர்கள், கேட்கச் செய்யுங்கள். மலையாளவழிப் பிள்ளை தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிப்பதற்குள் கதை மறந்துவிடும். அது நினைவாற்றல் குறை அல்ல. இரு மொழியும் தடங்கலின்றிப் பேசும் ஒரே ஆளின் குரலில் பதிவு செய்யுங்கள். ஒலிபரப்புத் தமிழ் வேண்டாம், நம் பக்கத்துப் பேச்சு போதும். கோபாலபுரம் சாலை ஓரத்துத் திண்ணையில் வைத்து நடத்தாதீர்கள், சோதனைச் சாவடி லாரி ஒன்று ஹாரன் அடித்தால் ஒரு கேள்வி போயிற்று.

இன்னொன்று, உங்கள் டியூஷன் பிள்ளைகளையே எடுக்கப் போகிறீர்களா? டீச்சர் கேட்டால் எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்? வேறு இடத்தில் தேடுங்கள். பெற்றோர் சம்மதம் எழுத்தில் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைப்படி ஏழு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் வாய்மொழி இசைவும், அதற்கு மேல் பதினெட்டு வரை எழுத்து இசைவும் தனியே வாங்க வேண்டும். ஏழாம் வகுப்பு இரண்டுக்கும் நடுவில் விழும். எல்லோரிடமும் எழுத்திலேயே வாங்கிவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

இரண்டு பேருக்கும் நன்றி. வழிகாட்டியிடம் பேசினேன், ‘சோதனை’ என்ற சொல் தலைப்பில் இருப்பதால் அமைப்பை மாற்றச் சம்மதித்துவிட்டார். கருதுகோள் இப்படி: கதையைக் கேட்ட மொழியிலேயே கேள்வி வந்தால் சரியான விடைகள் கூடும். 40 பிள்ளைகள், நான்கு கதைகள், கதைக்குப் பத்துக் கேள்வி. பதிவுக்கு என் நாத்தனார் ஒப்புக்கொண்டிருக்கிறார், அவர் பிறந்து வளர்ந்தது பாலக்காடு நகரில். கேள்விகளை நானே எதிரில் உட்கார்ந்து கேட்கலாமா? மலையாளத்தில் கேட்ட கேள்விக்குப் பிள்ளை தமிழில் சரியாகச் சொன்னால் மதிப்பெண் உண்டா?

பழைய ஆய்வகத்தான்:

நீங்கள் உட்காரக் கூடாது. பெர்லினில் குளம்பு தட்டிக் கணக்குப் போட்ட குதிரையை ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் 1907இல் ஆராய்ந்து எழுதினார். சரியான எண் வந்ததும் கேட்டவரின் தலை தன்னையறியாமல் லேசாக அசையும்; அதைப் பார்த்துக் குளம்பு தட்டுவதை நிறுத்தியது. கணக்குத் தெரிந்த குதிரை அல்ல, முகம் பார்க்கத் தெரிந்த குதிரை. நம் பிள்ளைகள் அதைவிடக் கெட்டிக்காரர்கள். நான் பார்த்த ஆய்வு ஒன்றில் ஒரு மாணவி விடை சரியானால் பேனா மூடியை மூடுவாள், தப்பானால் திறந்தே வைத்திருப்பாள். மூன்றாம் கேள்விக்குள் பிள்ளைகள் அவள் விரலைப் பார்த்துக்கொண்டே விடையைத் திருத்தத் தொடங்கினார்கள். கருதுகோள் தெரியாத ஒருவரைக் கேள்வி கேட்க வையுங்கள். விடைத்தாளைத் திருத்துபவருக்கு அது எந்தக் கட்டம் என்று தெரியக் கூடாது. எண் மட்டும் இருக்கட்டும்.

மொழி மாறிச் சொன்னால் மதிப்பெண் கொடுங்கள். நீங்கள் அளப்பது நினைவை, மலையாளப் புலமையை அல்ல. மாறியதைத் தனிப் பத்தியில் குறித்து வையுங்கள், எந்தக் கட்டத்தில் அதிகம் மாறுகிறார்கள் என்பதே ஒரு நல்ல பின்னிணைப்பாகும். விடைத்தாளில் மொழி தெரியும் என்பதால் கட்டம் வெளிப்பட்டுவிடுமே என்று கேட்பீர்கள். கேள்வி கேட்பவர் விடையைச் சரி, தப்பு என்று அங்கேயே முடிவு செய்யாமல் பதிவு செய்யட்டும், வேறொருவர் எல்லா விடைகளையும் ஒரே மொழிக்கு மாற்றி எழுதித் திருத்துபவரிடம் கொடுக்கட்டும். இந்த விதிகளையும், எந்தப் பகுப்பாய்வு செய்யப்போகிறீர்கள் என்பதையும் முதல் பிள்ளை வந்து உட்காருவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, வழிகாட்டியிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.