டேப்லெட்டில் சார்ஜர் ஓட்டையையும் ஸ்பீக்கரையும் ஏன் இப்படி வைக்கிறார்கள்?

சாய்வுநாற்காலி:

வணக்கம். பாதி புலம்பல், பாதி கேள்வி. நான்கு வருடமாக வைத்திருக்கும் டேப்லெட்டின் பேட்டரி மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது, புதிதாக ஒன்று வாங்கலாம் என்று பார்க்கிறேன். யாரைக் கேட்டாலும் பிராசசர் எது, ரேம் எவ்வளவு என்றே ஆரம்பிக்கிறார்கள். பழையதில் பிராசசரோ ரேமோ என்னை ஒரு நாளும் படுத்தியதில்லை. படுத்தியதெல்லாம் அதைச் சுற்றியிருக்கும் ஓட்டைகளும் பட்டன்களும்தான்.

படுக்கைவாக்கில் பிடித்துப் படம் பார்க்கிறேன் என்று வையுங்கள். சார்ஜ் போடும் ஓட்டைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு ஸ்பீக்கரும் ஒரே ஓரத்தில் இருக்கின்றன. வலது உள்ளங்கை இரண்டையும் பொத்திவிடும். திருப்பிப் பிடித்தால் இடது உள்ளங்கை பொத்தும், அவ்வளவுதான் வித்தியாசம். கையைக் கிண்ணம்போல் குவித்துப் பிடித்தால் சத்தம் முகத்தை நோக்கித் திரும்பிப் பிரமாதமாகக் கேட்கிறது, ஆனால் இரண்டரை மணி நேரப் படத்துக்கு எந்தக் கை தாங்கும்? சரி, நெட்டுவாக்கில் வைத்துப் படிக்கலாம் என்று சாய்ந்துகொண்டு நெஞ்சில் ஊன்றினால் சார்ஜர் முனை விலா எலும்பில் குத்துகிறது. இப்படி ஊன்றி ஊன்றியே இரண்டு ஒயர் போய்விட்டன. கழுத்துப் பக்கம் மேலுறை உரிந்து உள்ளே பின்னல் கம்பி பளபளவென்று தெரிய ஆரம்பித்ததும் தூக்கிப் போட்டேன். இதில் பவர் பட்டனும் வால்யூம் பட்டனும் அடுத்தடுத்து, ஒரே உயரம், ஒரே வழவழப்பு. இருட்டில் சத்தத்தைக் குறைக்கப் போய்த் திரையை அணைத்துவிட்டு, மறுபடி பின் நம்பர் போட்டுத் திறந்து, அதற்குள் பக்கத்தில் தூங்கிய குழந்தை எழுந்து... விடுங்கள்.

இதற்கெல்லாம் உள்ளே ஏதாவது காரணம் இருக்கிறதா, இல்லை போன் செய்த கையோடு அதையே இழுத்துப் பெரிதாக்கி விட்டார்களா? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

சால்டர்புகை:

பழுது பார்ப்பதுதான் எனக்குத் தொழில், அதனால் உள்ளே இருப்பதைச் சொல்கிறேன். "போனை இழுத்துப் பெரிதாக்கியது" என்பதில் பாதி உண்மை. மூடியைத் திறந்தால் நடுவில் பாய் விரித்த மாதிரி பேட்டரி, மிச்ச இடத்தில்தான் மற்றதெல்லாம். ஸ்பீக்கருக்குப் பின்னால் மூடிய காற்றறை ஒன்று வேண்டும், அது இல்லாவிட்டால் சத்தம் தகர டப்பாதான். அந்த அறைக்கு இடம் கிடைப்பது பெரும்பாலும் பேட்டரி தொடாத மூலைகளில். அதே மூலைகளுக்கு ஆன்டெனாவும் போட்டி போடும். ஒரு குட்டி சர்க்யூட் போர்டில் சார்ஜிங் போர்ட் (நீங்கள் சொல்லும் ஓட்டை), மைக் இரண்டையும் வைத்து, ஃப்ளெக்ஸ் என்ற வளையும் பட்டை ஒயர் ஒன்றைப் போட்டு மெயின் போர்டோடு இணைத்துவிட்டால் வேலை சுலபம், அதனால் எல்லாம் ஒரே ஓரத்தில் போய்ச் சேர்கின்றன. நீளமான ஓரத்துக்கு மாற்ற முடியாதா என்றால் முடியும், ஆனால் அங்கே பேட்டரியின் ஓரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். எத்தனை மணி நேரம் ஓடும் என்பதைத்தானே விளம்பரத்தில் போடுகிறார்கள், ஓட்டை எங்கே இருக்கிறது என்பதையா போடுகிறார்கள்.

ஒயர் விஷயம். யூஎஸ்பி சி போர்ட் 10,000 தடவை சொருகி எடுக்கலாம் என்ற கணக்கில் வடிவமைத்தது. அது நேராகச் சொருகி நேராக எடுக்கும் கணக்கு. நெஞ்சில் ஊன்றும்போது டேப்லெட்டின் எடை முழுக்க அந்தச் சின்ன முனையில் நெம்புகோலாக இறங்குகிறது. ஒயர் போனது உங்கள் நல்ல காலம், போர்ட் போயிருந்தால் என்னைப் போன்ற ஆளிடம் வந்திருப்பீர்கள். போர்ட் தனிக் குட்டி போர்டில் இருந்தால் அதை மட்டும் மாற்றலாம். மெயின் போர்டிலேயே சால்டர் செய்திருந்தால், வளைந்து வளைந்து அடியில் இருக்கும் தகடே பெயர்ந்து வந்திருக்கும், அது நோகடிக்கும் வேலை. எல் வடிவ முனை உள்ள ஒயர் வாங்குங்கள், அது ஓரத்தோடு ஒட்டிப் போகும், நெம்பாது.

இன்னொன்று. "போர்ட் லூசாகிவிட்டது, மாற்றுங்கள்" என்று வருவதில் கணிசமானவை லூசே இல்லை. பையில் இருக்கும் பஞ்சும் தூசியும் உள்ளே போய் ஒவ்வொரு தடவை சொருகும்போதும் அமுங்கிக் கெட்டியாகி, முனை முழுசாக உள்ளே போகாமல் நிற்கும். டேப்லெட்டை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாகக் கிளறினால் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பாய் மாதிரி வரும். ஊசி, குண்டூசி எதுவும் வேண்டாம்.

பழையஇரும்பு:

சால்டர்புகை சொன்னது உள்ளே இருக்கும் காரணம். வெளியே ஒரு காரணம் இருக்கிறது: செய்தவர் உங்களை எந்த வாக்கில் பிடிப்பவர் என்று நினைத்தார் என்பது. 2010இல் வந்த முதல் ஐபேடைப் பாருங்கள், திரைக்குக் கீழே வட்டப் பட்டன், அதற்கும் கீழே 30 பின் போர்ட், பக்கத்திலேயே ஸ்பீக்கர். நெட்டுவாக்கில் பிடித்துப் படிக்கும் பொருளாகவே அது பிறந்தது. 2013இல் ஐபேட் ஏர் வந்தபோது இரண்டு ஸ்பீக்கர், ஆனால் இரண்டும் அதே கீழ் ஓரத்தில். படம் பார்க்கத் திருப்பினால் ஸ்டீரியோ முழுக்க ஒரு காதுக்கு. 2015இல் 12.9 அங்குல ஐபேட் ப்ரோவில்தான் மூலைக்கு ஒன்றாக நான்கு வைத்தார்கள். எப்படிப் பிடித்தாலும் அந்த நேரத்தில் மேலே இருக்கும் இரண்டுக்குக் கீச்சு ஒலி போகும், அடித்தொண்டை ஒலி நான்கிலும் வரும். ஆனால் 2012இலேயே நெக்ஸஸ் 10 திரைக்கு இரண்டு பக்கமும் முகத்தைப் பார்த்தே ஸ்பீக்கர் வைத்திருந்தது, அதை எல்லாரும் மறந்துவிட்டோம். 2013இல் லெனோவோ யோகா டேப்லெட் பேட்டரியை ஒரு ஓரத்தில் உருளையாகச் சுருட்டி, அதையே கைப்பிடியாகவும் ஸ்டாண்டாகவும் ஆக்கியது. விசித்திரங்களும் உண்டு. 2011இல் வந்த மோட்டோரோலா ஜூம் டேப்லெட்டுக்குப் பவர் பட்டன் முதுகில். கையில் இருக்கும்வரை விரல் தானாகப் போய் உட்காரும், மேசையில் படுக்க வைத்திருந்தாலோ ஒவ்வொரு தடவையும் தூக்கித் தடவித்தான் எழுப்ப வேண்டும்.

ஒன்றை நகர்த்தினால் இன்னொன்று இடிக்கும் என்பதற்கு 2022இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேட் நல்ல உதாரணம். வீடியோ அழைப்பில் எல்லாரும் பக்கவாட்டில் பார்ப்பதுபோல் தெரிகிறார்கள் என்று முன் கேமராவை நீள ஓரத்துக்குக் கொண்டுவந்தார்கள். மற்ற பல ஐபேடுகளில், திரையில் எழுதும் ஆப்பிள் பென்சில் காந்தத்தால் ஒட்டிச் சார்ஜ் ஆகும் இடம் அதுதான். விளைவு, யூஎஸ்பி சி போர்ட் உள்ள கருவிக்கு 2015இன் பழைய பென்சிலை ஒரு அடாப்டர் வைத்து இணைக்க வேண்டியதாயிற்று. 2024 ஐபேட் ப்ரோவில்தான் கேமராவும் பென்சிலும் ஒரே ஓரத்தில் சமாதானமாகின.

அப்புறம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்கும் டேப்லெட்டுக்கு யூஎஸ்பி சி கட்டாயம். எந்த ஓட்டை என்று சட்டம் சொல்லிவிட்டது. எங்கே என்று சொல்ல ஆளில்லை.

நெட்டுவாக்கு:

எல்லாரும் படம் பார்ப்பதையே பேசுகிறீர்கள். நான் பியானோ வாசிப்பவள், இசைக்குறிப்பைத் திரையில் நெட்டுவாக்கில் வைத்துத்தான் வாசிக்கிறேன். கேமரா, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் படுக்கைவாக்குக்கு மாற்றிக்கொண்டே போனால் எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது?

ஸ்டாண்டில் நெட்டுவாக்கில் நிறுத்தினால் போர்ட் அடியில் மாட்டிக்கொள்ளும் என்பது எனக்கும் இருந்த தொல்லை. ஒரு நாள் எரிச்சலில் தலைகீழாக நிறுத்தினேன். திரை தானாகத் திரும்பிக்கொண்டது, ஒயர் மேலிருந்து தொங்குகிறது, இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது. இரண்டு குறை: முன் கேமரா கீழே போவதால் யாராவது அழைத்தால் மூக்குத் துவாரம்தான் அவர்களுக்குத் தெரியும். வால்யூம் பட்டன் மேலும் கீழும் இடம் மாறும். இதற்கு ஐபேடில் 2022இன் ஐபேட்ஓஎஸ் 15.4 பதிப்பிலிருந்து வழி இருக்கிறது, பிடிக்கும் வாக்குக்கு ஏற்பப் பட்டன்களே அர்த்தத்தை மாற்றிக்கொள்ளும், பிடிக்காவிட்டால் அமைப்புகளில் பழையபடி நிலையாக வைத்துக்கொள்ளலாம். லீனியேஜ் ஓஎஸ் (நாமே ஏற்றிக்கொள்ளும் ஒரு ஆண்ட்ராய்டு வகை) போட்ட கருவியிலும் இதே வசதி உண்டு.

ஸ்டாண்ட் வாங்கும்போது அதன் பிடி எங்கே கவ்வுகிறது என்று பாருங்கள். என் பழைய ஸ்டாண்ட் சரியாக வால்யூம் பட்டன் மேல் கவ்வும். நான் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருப்பேன், திரை ஓரத்தில் சத்தப் பட்டை விறுவிறுவென்று உச்சிக்கு ஏறி நிற்கும், அடுத்த நோட்டிபிகேஷன் வரும்போது தூக்கிவாரிப்போடும்.

ஒருகாதுகேளான்:

என் பெயரைப் பார்த்தாலே தெரியும், எனக்கு ஸ்டீரியோவே பயன்படாது. அதனால் ஒரு விஷயம் தெரிந்துவைத்திருக்கிறேன். ஆக்சஸிபிலிட்டி அமைப்புகளில் மோனோ ஆடியோ என்று ஒன்று இருக்கும், ஐபேடிலும் உண்டு, ஆண்ட்ராய்டிலும் உண்டு. அதைப் போட்டால் இரண்டு பக்க ஒலியும் கலந்து எல்லா ஸ்பீக்கரிலும் வரும். ஒரு ஸ்பீக்கர் கைக்குள் போனாலும் அந்தப் பக்கத்து வசனம் காணாமல் போகாது. கேள்வி கேட்டவருக்கு இரண்டுமே கைக்குள் போவதால் இது முழு மருந்தில்லை, ஆனால் விரல் ஒன்றை மட்டும் பொத்தும்படி பிடித்தால் போதும்.

கீச்சு ஒலிதான் நேர்கோட்டில் போகும், அதற்குத்தான் ஸ்பீக்கரின் திசை முக்கியம். பேச்சில் ச, ஸ, ஃப எல்லாம் தெளிவாகக் கேட்பது அதனால்தான். முதுகுப் பக்கம் ஸ்பீக்கர் உள்ள கருவியை மெத்தையில் வைத்தால் பேசுபவர் வாயில் துணியை வைத்துக்கொண்டதுபோல் ஆகும். அதையே மேசையில் சுவருக்கு எதிரே நிறுத்தினால் பிழைத்துக்கொள்ளும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. ஓரத்தில் எத்தனை துளை வரிசை இருக்கிறது என்று எண்ணி நம்பிவிடாதீர்கள். சிலவற்றில் ஒரு வரிசை அழகுக்காகவோ மைக்குக்காகவோ மட்டும் இருக்கும். பேச்சு ஒன்றை ஓடவிட்டு, ஒவ்வொரு வரிசையாக விரலால் மூடிப் பாருங்கள். அப்படியே கண்ணை மூடிக்கொண்டு வால்யூமைக் குறையுங்கள். திரை அணைந்தால் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

சாய்வுநாற்காலி:

எல்லாருக்கும் நன்றி. புதியதைப் பார்க்கப் போவதற்கு முன் அந்த விரல் சோதனையைப் பழையதிலேயே செய்தேன். இடது வரிசையை மூடினால் சத்தம் அடங்குகிறது. வலது வரிசையை மூடினால் ஒன்றுமே மாறவில்லை. நான்கு வருடமாக இரண்டு ஸ்பீக்கர் என்று நினைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்!

சால்டர்புகை:

அவசரப்படாதீர்கள். அது வெறும் அலங்காரமாகவும் இருக்கலாம், அடைத்துக்கொண்டும் இருக்கலாம். மிருதுவான, காய்ந்த டூத்பிரஷ்ஷால் துளைகளின் மேல் பக்கவாட்டில் தேயுங்கள், தண்ணீர் வேண்டாம், உள்ளே குத்த வேண்டாம். தேய்க்கும்போது துளை தரையைப் பார்த்து இருக்கட்டும்.

சாய்வுநாற்காலி:

தேய்த்தேன் அண்ணே. முனகுகிறது.