ஆஸ்டின் ஹீலி 100: குட்வுட்ல ஓடின வண்டியான்னு எப்படி உறுதி பண்றது?

கோவென்ட்ரி கார்த்தி:
வணக்கம். சமீபத்துல ஒரு 1956 ஆஸ்டின் ஹீலி 100 ஸ்போர்ட்ஸ் கார், பிஎன்2 மாடல், வாங்கினேன். பானெட்ல லூவர் (காத்துப் போற பிளவு) வரிசை, குறுக்கே தோல் பெல்ட். "ஒரிஜினல் 100எம், குட்வுட்ல ரேஸ் ஓடியிருக்கு"ன்னு சொல்லித்தான் வித்தாங்க (100எம்னா வேகம் கூட்டின ஹீலி 100, குட்வுட் இங்கிலாந்து ரேஸ் டிராக்). கூட ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ. பின்னாடி பென்சில்ல "குட்வுட், ஈஸ்டர் 1955". அதுல தெரியற நம்பர் பிளேட் என் வண்டி நம்பரேதான். அடுத்து யார்கிட்ட எதைக் கேக்கணும்?

பழையவண்டி மணி:
தம்பி, 1955 ஈஸ்டர் திங்கள் ஏப்ரல் 11. பிஎன்2 அறிமுகமானதே அந்த வருஷம் ஆகஸ்ட்ல. தேதி சரின்னா போட்டோல இருக்கறது உங்க வண்டி இல்லை. முன் சக்கர வளைவைப் பாருங்க: பிஎன்2ல உயரமா வெட்டியிருக்கும், அதுக்கு முந்தின பிஎன்1 மாடல்ல தாழ்வா இருக்கும்.

லூவரை வெச்சு 100எம்னு நம்பிடாதீங்க. வார்விக் ஹீலி ஆலையில முழுசா 100எம்மா தயாரானது 640 வண்டிதான். அதுல போட்ட அதே லெ மான்ஸ் கிட் (எஞ்சின் சக்தி கூட்டற பாகங்கள்), பெரிய எஸ்யூ கார்புரேட்டரோட, டீலர்கிட்டயும் கிடைச்சுது. இப்போ லூவர் பானெட்டைப் புதுசாவே வாங்கி மாட்டலாம்.

கோவென்ட்ரி கார்த்தி:
பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தேன் அண்ணா. வளைவு தாழ்வாத்தான் இருக்கு. அப்போ பிளேட்? ஃபோர்ஜரியா?

நல்லூரான், லண்டன்:
அவசரப்படாதேங்கோ கார்த்தி. அந்தக் காலத்திலயும் பழைய காரின்ர நம்பரைப் புதுக் காருக்கு மாத்தலாம். ஆரோ ஒருத்தர் பிஎன்1ல ரேஸ் ஓடி, அதை வித்திட்டு பிஎன்2 எடுத்து, தன்ர நம்பரை அதுக்குப் போட்டிருக்கலாம். இதைத்தான் முதல்ல தேட வேணும்.

பழைய பழுப்பு லாக்புக் (வண்டிப் பதிவுப் புத்தகம்) கிடைச்சால் பாதி வேலை முடிஞ்சுது: ஓனர் பேர், சேஸி நம்பர், வண்டியைப் பதிஞ்ச உள்ளூர் கவுன்சிலின்ர முத்திரை எல்லாம் அதில இருக்கும். இல்லாட்டி கவுன்சில் பதிவேடு. 70களில பதிவு வேலையெல்லாம் ஸ்வான்சியில இருக்கிற மத்திய அலுவலகத்துக்குப் போனபோது கவுன்சில்கள் கனக்கப் பதிவேடுகளை எறிஞ்சுபோட்டுதுகள். தப்பினதில ஒரு பங்கு டிராய்ட்விச் ஊரில கிட்ஹெட் டிரஸ்ட் எண்ட வண்டி ஆவணக் காப்பகத்தில இருக்கு, மிச்சம் கவுண்டி ஆவணக் காப்பகங்களில. உங்கட பிளேட் எழுத்து எந்த கவுன்சில் குடுத்ததெண்டு பாத்து அங்க எழுதுங்கோ.

அதோட அந்த மீட்டிங் புரோகிராம் ஒண்டு தேடுங்கோ. அதில பிளேட் இராது. ரேஸ் நம்பர், ஓட்டுனவர் பேர், காரின்ர சிசி இருக்கும். போட்டோவில கதவில தெரியிற நம்பரைப் புரோகிராமில பிடிச்சு, அந்தப் பேர் லாக்புக்கிலயோ பதிவேட்டிலயோ வருதோ எண்டு பாருங்கோ.

கோவென்ட்ரி கார்த்தி:
டாஷ்போர்டுக்கு மேல அடைச்ச ரெண்டு ஓட்டை இருக்கு. ரேஸ் ஏரோஸ்கிரீனுக்குன்னு (ஓட்டறவர் முன்னாடி மாட்டற சின்னக் கண்ணாடி) வித்தவர் சொன்னார்.

பழையவண்டி மணி:
100ல விண்ட்ஸ்கிரீனே பின்னாடி சாய்ஞ்சு படுத்துக்கும். ஏரோஸ்கிரீனும் போட்டிருக்கலாம்தான், ஆனா யாரு, எப்போன்னு ஓட்டை சொல்லாது. எஞ்சின் அடியில இருக்கற ஆயில் சம்ப் போல்ட்ல லாக்வயருக்கு (போல்ட் கழலாம இருக்கக் கட்டற கம்பி) ஊசித் துளை இருக்கான்னு பாருங்க. இருந்தா யாரோ சீரியஸா ஓட்டியிருக்காங்கன்னு ஒரு சாடை, அவ்வளவுதான்.

முதல் செலவு கேடன் ஊர்ல இருக்கற மோட்டார் மியூசியத்தோட ஹெரிட்டேஜ் சர்டிபிகேட்டா இருக்கட்டும். தயாரிச்ச தேதி, நிறம், எஞ்சின் நம்பர், எங்க அனுப்பினாங்கன்னு வரும். ரேஸ் பத்தி ஒண்ணும் வராது. ஹீலி 100ல பெரும்பகுதி அமெரிக்கா போன வண்டி. உங்களுதும் அங்க போய்த் திரும்பினதுன்னா, இந்த ஊர் பிளேட் பின்னாடி வந்ததாகும்.

பேப்பர் சரியா இருந்தா விலை எங்க போகும்னு கேட்டா, 1953லயும் 55லயும் பிரான்ஸ் லெ மான்ஸ் 24 மணி ரேஸ்ல ஓடின, என்ஓஜே 393 நம்பர் ஹீலி இருக்கே, 2011 ஏலத்துல 8,43,000 பவுண்டு.

கோவென்ட்ரி கார்த்தி:
சேஸி பிளேட், எஞ்சின் நம்பர் ரெண்டையும் போட்டோ எடுத்துட்டேன். பானெட் கீல்ல பெயின்டைச் சுரண்டினா பாடி நம்பர் மாதிரி ஏதோ தெரியுது. கேடனுக்கு இன்னிக்கே அனுப்பறேன்.

நல்லூரான், லண்டன்:
இனிச் சுரண்டாதேங்கோ. மிச்சப் பெயின்டைத் தின்னரால துடைச்சு எடுங்கோ. போட்டோவைப் பக்கவாட்டு வெளிச்சத்தில எடுத்து இங்க போடுங்கோ.